குசினிச் சுவரில் கடல் நின்ற கோடு

பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூட ஃபாரங்களில் 'தந்தையின் தொழில்' என்று ஓர் இடம் இருக்கும். மூத்தவள் அதில் மேசன் என்று எழுதினாள். நடுவிலாள் பெயின்டர் என்று எழுதினாள். இம்தியாஸ், நீ 'வீடு விற்பவர்' என்று எழுதினாய். உன் வகுப்பு ஆசிரியர் என்னைப் பெரிய பணக்காரன் என்று நினைத்து, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டித் தரும்படி ஆள் அனுப்பினார். வந்தவர் நம் வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலே திரும்பிப் போனார்.

நீங்கள் மூன்று பேரும் பிழையாக எழுதவில்லை. என் தொழிலுக்கு நம் கரையில் பெயர் இல்லை, அவ்வளவுதான். விற்கப்போகிற வீட்டில் சமைக்கிற குசினியை, பார்க்க வருகிறவர்கள் வருவதற்கு முன் ஆயத்தப்படுத்திக் கொடுப்பது என் வேலை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அதைச் செய்தேன். காரைதீவு, நிந்தவூர், மருதமுனை, சாய்ந்தமருது என்று நான் சுண்ணாம்பு பூசாத தெரு குறைவு.

போன மாதம் இம்தியாஸ் தன் போனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் இப்போது விற்பனைக்கு உள்ள வீடுகளைப் படம் எடுத்து இணையத்தில் போடுகிறான். நல்ல விஷயம்.

"வாப்பா, இஞ்ச பாருங்க. செவரு முழுக்கக் கறுப்பு. ரெண்டு தட்டுல வெள்ளையாக்கிட்டன்."

"செவரையா?"

"படத்த."

"அப்ப செவரு?"

"அது அப்பிடியேதான் இரிக்கி." சிரித்தான். "ஆக்கள் வந்தாப் பாத்துக்குவம் வாப்பா. நீங்களும் இதத்தானே செஞ்சிங்க, சுண்ணாம்பால?"

வாயால் பதில் சொன்னால் கோபமாக வந்துவிடும் என்று பயந்தேன். அதனால் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு மட்டும்தான். எழுத்துப் பிழை இருந்தால் நடுவிலாள் திருத்திக் கொள்ளட்டும்.

நம் கரையில் வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் பேசப்படும். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். இது உங்களுக்குத் தெரியும். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் வேறு ஊரில் வளர்ந்தால் தெரியாமல் போகலாம் என்றுதான் எழுதி வைக்கிறேன். ஆகவே வீடு வாங்க வருகிறவர் பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளையின் தாய். கூட வரும் ஆண்கள் முன் விறாந்தையில் நின்று காணி உறுதி, எல்லை, கிணறு என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். தாய் வளவைச் சுற்றிப் பின்னால் வந்து குசினி வாசலால் உள்ளே நுழைவார். திரும்பி வெளியே வரும்போது அவர் முகம் எப்படி இருக்கிறதோ அதுதான் முடிவு. முன் விறாந்தைக்கு எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அந்த முகத்தை மாற்ற முடியாது.

நான் கட்டாரில் ஆறு வருடம் டைல்ஸ் பதித்தேன். அதைப் பற்றி எழுத வெயிலும் முழங்கால் வலியும் தவிர ஒன்றும் இல்லை. ஊருக்கு வந்து, உங்கள் உம்மாவைக் கலியாணம் முடித்து, ஊரில் எல்லோரும் அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடும் ஆதம்பாவாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் வீட்டுத் தரகர். ஆனால் மற்றத் தரகர்களைப் போல வாயால் விற்கிறவர் இல்லை. விற்கிற வீட்டின் குசினியை முதலில் தன் ஆட்களை வைத்துத் திருத்துவார். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூட்டி வருவார்.

நெடுத்த மனிதர். வெள்ளைச் சாரன், கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டிய சட்டை. மோட்டார் சைக்கிளின் பின்னால் சாக்கில் சுற்றிய ஒரு சஹன் எப்போதும் கட்டியிருக்கும். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற அந்தப் பெரிய தட்டைத்தான் சொல்கிறேன். சந்தியில் நிற்கிறவர்கள் "காக்கா, எங்க விருந்து?" என்று கேட்பார்கள். "உன்ட வீட்டதான், வீட்ட விக்கிற அண்டைக்கு" என்பார். முகம் சிரிக்காது.

அவருடைய முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் வேலை ஆயுதம் எதுவும் எடுத்துப் போகமாட்டோம். பகல் சமையல் முடிந்த கையோடு போவோம். காக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துக் குசினியின் நடுவில் உட்காருவார். ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்பார். குடிக்க மாட்டார், கையில் வைத்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடம் ஒரு சொல் வராது. வீட்டுக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் முதன்முதல் போன வீட்டில் அப்படி இருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்ன மணக்குது?"

"ஒண்டும் இல்ல காக்கா."

"வெளிய போய் நிண்டுட்டு வா."

வளவில் போய் நின்று, கிணற்றடியில் முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன். வாசலில் கால் வைத்ததும் மீன் கழுவிய தண்ணீரின் நாற்றம் மூக்கில் அடித்தது. அந்தக் குசினியில் பத்து நிமிடம் அதோடுதான் நின்றிருந்தேன்.

"வீட்டுக்காரருக்கு மணக்கா. நிண்டா நமக்கும் மணக்கா. வாறவளுக்கு மட்டும்தான் மணக்கும்" என்றார்.

பிறகு ஒரு தேங்காய் மட்டையைக் கொளுத்தி அடுப்பில் வைப்பார். புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். புகை வீட்டுக்குள் திரும்பினால் முதல் வேலை அந்தச் சுவரில் துவாரம் வைப்பது. இரண்டாவது வேலை வாய்க்கால். மூன்றாவதுதான் சுவர். புகைக்கரி பிடித்த சுவரைச் சவர்க்காரத் தண்ணீரால் கீழிருந்து மேலே கழுவ வேண்டும். மேலிருந்து கழுவினால் ஒழுகிய கோடு பிறகு எதற்கும் போகாது. கழுவாமல் பெயின்ட் அடித்தாலோ மூன்றாம் நாள் தேயிலைச் சாயம் போல மஞ்சள் கசியும். அதற்குப் பிறகு, தேங்காய் துருவுகிற இடத்துக்கு நேர் மேலே ஓர் ஓட்டைக் கழற்றிக் கண்ணாடி ஓடு போடுவோம். வேலை செய்கிற கையில் வெளிச்சம் விழ வேண்டும்.

குசினிச் சுவர்த் தட்டுகளில் என்ன வைப்பது என்பதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. "தட்டு நெறஞ்சிருந்தா, குசினி சின்னன் எண்டு நெனைப்பாள். வெறுமையா இருந்தா, சண்ட புடிச்சிட்டுப் போன வீடு எண்டு நெனைப்பாள். மூணு பான வை." கடைசி வேலை சஹன். சஹனின் மேல் தண்ணீர் நிரம்பிய ஒரு கோப்பையை வைத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து சாலைக்கு, அதாவது சாப்பிட உட்காருகிற நடு அறைக்கு, நடப்பார். தண்ணீர் சிந்தாவிட்டால் வேலை முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் வைத்திருந்தார். "அழுக்கு நம்மட வேல. ஐபு வீட்டுக்காரர்ர வேல." ஐபு என்றால் குறை. விற்கிற பொருளில் குறை இருந்தால் வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்பது மார்க்கம். கூரை வளை உளுத்திருந்தால் முதல் நாளே வீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவார்: "ராத்தா, இத மாத்துங்க. மாத்த ஏலாட்டி வாறவங்கக்கிட்டச் சொல்லுங்க. மறைக்க எங்களக் கூப்பிடாதிங்க." இதனாலேயே பல வீடு எங்கள் கையை விட்டுப் போயிற்று. அவர் வருத்தப்பட்டதை நான் பார்க்கவில்லை.

நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாப்பா தன் புகழ் மட்டும் பாடுகிறார் என்பீர்கள்.

நிந்தவூரில் ஒரு ஆசிரியையின் வீடு. காக்காவுக்குக் காய்ச்சல், நான் தனியாகச் செய்தேன். கட்டாரில் பார்த்த மாதிரி, சுவரோடு வளைந்து போகிற கல் மேசை ஒன்று கட்டி, மேலே டைல்ஸ் பதித்தேன். ஊருக்கே அது புதினம். பார்க்க மூன்று பெண்கள் வந்தார்கள். மூத்தவர் மேசையைத் தடவி "மாஷா அல்லாஹ்" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு அவர் வீட்டுக்காரியிடம் ஒரு சஹன் வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார். என் மேசையின் மூலையும் கதவு நிலையும் சந்திக்கிற இடத்தில் தட்டு நின்றுவிட்டது. சரித்தால்தான் போகும்.

"தம்பி, சோத்தோட இதச் சரிச்சுக் காட்டுங்க பாப்பம்" என்றார்.

மற்றவர் சொன்னார்: "அப்பிடிச் சொல்லாதீங்க கா. மாப்புள்ள வீட்டார் வந்தா ஜன்னலால எறியலாம்!"

மூன்று பேரும் வளவு முழுக்கச் சிரித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர்க் கோப்பையை வைத்து நான் நடந்து பார்த்திருக்க வேண்டும். சஹன் காக்காவின் மோட்டார் சைக்கிளில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் என் கையால் பதித்த டைல்ஸை என் கையாலேயே ஒரு முழத்துக்கு உடைத்தேன். காக்கா காய்ச்சலோடு போர்வை போர்த்திக்கொண்டு வந்து, வாசலில் நின்று பார்த்தார்.

"ஏன் ஜப்பார், கட்டார்ல சஹன் இல்லயா?"

"இரிந்த காக்கா. குசினியும் பெரிசா இரிந்த."

அன்றைக்குத்தான் அவர் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன். அடுத்த கிழமை அதே பெண்கள் தங்கள் சொந்த சஹனோடு வந்து, நடந்து பார்த்து, அந்த வீட்டை வாங்கினார்கள்.

இனி நான் சொல்ல வந்த வீட்டுக்கு வருகிறேன்.

சுனாமியில் கடல் ஏறிய அந்தக் காலைக்குப் பிறகு இரண்டு வருடம் எங்கள் தொழில் நின்றது. யார் வீடு விற்பது, யார் வாங்குவது? இருக்கிற சுவரை நிமிர்த்துகிற வேலைதான் செய்தோம். மூன்றாம் வருடம் ஒரு நாள் காக்கா வந்து கூப்பிட்டார். விற்கப்போவது அவருடைய சொந்தத் தங்கை ரஹ்மத்தும்மாவின் வீடு. பெரிய வீடு, பெரிய வீதிக்கு மேற்கே. கடல் அந்த வீட்டை உடைக்கவில்லை. ஆனால் தண்ணீர் குசினிக்குள் வந்து முழங்கால் உயரத்துக்கு நின்று வடிந்திருந்தது. ரஹ்மத்தும்மா ராத்தாவின் புருஷன் அன்று காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு வீடு. அதை விற்றால் உள்பக்கமாக இரண்டு சின்ன வீடு வாங்கி ஆளுக்கொன்று கொடுக்கலாம். மூத்தவளுக்குக் கலியாணக் காவின் எழுத நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வீடு இருக்க வேண்டும்.

வாங்க வருகிறவர்கள் சம்மாந்துறை ஆட்கள். தங்கள் மகளுக்கு அவர்கள் பேசிய மாப்பிள்ளைக்குக் கல்முனையில் உத்தியோகம். பத்து நாளில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்று காக்காவின் மோட்டார் சைக்கிளில் சஹன் இல்லை. குசினியில் அவர் வாளியைக் கவிழ்க்கவும் இல்லை. வாசற்படியிலேயே நின்றார். உள்ளே பார்த்ததும் எனக்கு விளங்கிற்று. கிழக்குச் சுவர் முழுக்க, முழங்கால் உயரத்தில், மட்டம் பிடித்தது போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் போல எழும்பி நின்றது.

"பூச்சக் கழட்டாம டைல்ஸ் ஒட்டு. கோட்டுக்கு மேல ஒரு சாண் வரட்டும்" என்றார்.

"காக்கா, உள்ளுக்கு ஈரம் இரிக்கி. ஒரு மாரிக்கு மேல நிக்கா."

"ஒரு மாரி நிண்டாப் போதும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு அதிசயமாக இருந்திருக்காது.

"நீங்கதானே காக்கா சொன்ன, அழுக்கு நம்மட வேல, ஐபு..."

"என்ட கதைய எனக்கே கதைக்காத, ஜப்பார்!" குரல் உடைந்து வந்தது. "ரெண்டு குமரோட நிக்கிறாள் என்ட தங்கச்சி. சம்மாந்துறைக்குக் கடல் போகல்ல. இந்தக் கோடு என்னண்டு அவங்களுக்குத் தெரியா. தெரிஞ்சா இந்த வாசலோட திரும்பிருவாங்க. பொறகு காவின் எங்க, கலியாணம் எங்க?"

"நான் ஒட்ட மாட்டன் காக்கா."

"அப்ப வேற ஆள் ஒட்டுவான்."

மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் வளவில் ஒரு தென்னங்குற்றியில் உட்கார்ந்தேன். எனக்கு வருகிற வேலை எல்லாம் அவர் கையால் வருவது. மூத்தவளே, நீ அப்போது மூன்றாம் வகுப்பு. அதையெல்லாம் நினைத்தேன். பயம்தான். வீரமாக ஒன்றும் இருக்கவில்லை.

ரஹ்மத்தும்மா ராத்தா மகளோடு குசினி வாசலுக்கு வந்தார். எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டிருந்தார்.

"தம்பி, டைல்ஸ் ஒட்டினா என்ன நடக்கும்?"

"இப்ப வடிவா இரிக்கும் ராத்தா. அடுத்த மாரிக்கு அடி வரிசை கழண்டு விழும். உப்பு டைல்ஸுக்கு மேலால ஏறும்."

"ஒட்டாட்டி?"

"பூச்சக் கழட்டி, கல்லக் காய விட்டு, சுண்ணாம்பால பூசலாம். அப்பவும் உப்பு வரும். ஆனா ஒளிஞ்சு நிக்காம வெளிய வரும். வருசா வருசம் தொடச்சு விட்டாக் கொறஞ்சுக்கிட்டுப் போகும். பூசின எடம் பாக்கிறவங்களுக்குத் தெரியும், அத மறைக்க ஏலா."

அவர் உள்ளே போய் அந்தக் கோட்டில் கையை வைத்தார்.

"இவடம் வரைக்கும் தண்ணி நிண்ட. இந்தப் புள்ளைகள்ர வாப்பாவ அண்டைக்குத்தான் கொண்டுபோன. இந்த வீட்டுக்குக் கடல் வரல்லண்டு என்ட வாயால நான் எப்பிடி சொல்ற?" பிறகு என் பக்கம் திரும்பினார். "இத வித்து நானும் ரெண்டு வீடு வாங்கப்போறன். அங்கயும் ஒருத்தர் இப்பிடி டைல்ஸ் ஒட்டி வச்சிரிந்தா என்ட புள்ளைகள் என்ன செய்யும்?"

மகள் மெதுவாகச் சொன்னாள்: "மாமா கோவிப்பார் உம்மா."

"கோவிக்கட்டும். வீடு என்ட பேருல இரிக்கி. தம்பி, கழட்டுங்க."

கோட்டுக்கு மேல் ஒரு சாண் வரைக்கும் பூச்சைச் செங்கல் தெரியக் கழற்றினேன். தண்ணீர் ஒரு சொட்டுப் படவிடவில்லை. உப்பைக் கழுவினால் திரும்பச் சுவருக்குள் போகும். கீழே பத்திரிகைத் தாளை விரித்து, காய்ந்த தும்புத் தூரிகையால் கல்லைத் துடைத்து, விழுந்த உப்பைத் தாளோடு சுருட்டி வீதிக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினேன். காலை ஒருதரம், பின்நேரம் ஒருதரம். ஏழு நாள் வாசலையும் ஜன்னலையும் திறந்து போட்டுக் காற்றில் காய விட்டேன். எட்டாம் நாள் ஆற்று மணலும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். சீமெந்து ஒரு பிடிகூடச் சேர்க்கவில்லை. சீமெந்து சுவரின் வாயைக் கட்டிவிடும், உப்பு வேறு வழி தேடும். மற்ற வேலைகளையும் குறை வைக்காமல் செய்தேன். கூரைக் கரி, வாய்க்கால், கண்ணாடி ஓடு, மூன்று பானை. ராத்தாவின் சஹனை வாங்கித் தண்ணீர்க் கோப்பையோடு நடந்து பார்த்தேன். சிந்தவில்லை.

காக்கா வேறு ஆளை அனுப்பியிருந்தார். ராத்தா அவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

சம்மாந்துறை ஆட்கள் ஒரு வேனில் வந்தார்கள். காக்கா ஆண்களோடு முன் விறாந்தையில் நின்றார், என்னைப் பார்க்கவில்லை. பெண்ணின் தாய் பருத்த உடம்பு, ஆனால் காற்று மாதிரி நடை. பின் வாசலால் வந்து, கூரையைப் பார்த்தார், வாய்க்காலைக் குனிந்து மணந்தார். "நல்லா வச்சிரிக்கிங்க கா" என்றார். பிறகு கிழக்குச் சுவரைக் கண்டார்.

"இதென்ன, செவருக்குப் பாவாட கட்டி விட்டிரிக்கு?"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். ரஹ்மத்தும்மா ராத்தா சிரிக்கவில்லை.

"கடல் வந்த அண்டைக்கு இவடம் வரைக்கும் தண்ணி நிண்ட. செவருல உப்பு இரிக்கி. உங்களுக்குச் சொல்லோணும்."

சாலைக் கதவில் காக்கா வந்து நின்றார். அவர் முகத்தில் இரத்தம் இல்லை. சம்மாந்துறை ராத்தா சுவரில் விரலை வைத்துத் தேய்த்தார். அந்த விரலை நாக்கில் வைத்தார்.

"உப்புத்தான்."

வேறு ஒன்றும் சொல்லாமல் பின் வாசலால் இறங்கி, வளவைச் சுற்றி, வேனில் போய் ஏறினார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். வேன் கதவு அடைபட்ட சத்தம் கேட்டது. ராத்தாவின் மகள் அடுப்பில் கொதித்த பிளேன்டீயை இறக்கி வைத்துவிட்டு, ஊற்றாமல் நின்றாள். நான் காக்காவைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் கலியாணத்தை நான் இந்தச் சுவரில் பூசிக் கெடுத்துவிட்டேனோ என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு கால் மணி நேரம் இருக்கும். சம்மாந்துறை ராத்தா மட்டும் திரும்பி வந்தார். அதுவும் பின் வாசலால்.

"இதுக்கு முந்தி ஆறு வீடு பாத்தன். ஆறுலயும் புது டைல்ஸ். கேட்டா, ஒண்டும் இல்ல, சும்மா வடிவுக்கு ஒட்டின எண்டாங்க." என் பக்கம் கையைக் காட்டினார். "இதப் பூசினது நீங்களா?"

"ஓம் ராத்தா."

"வருசா வருசம் யாரு தொடைக்கிற? என்ட மகளா?"

"நான் வாறன்."

"எத்தின வருசம்?"

"உப்பு முடியும் மட்டும்."

"சும்மா வாயால சொல்லாதிங்க தம்பி."

"உசிரும் ஹயாத்தும் இரிந்தா வருவன் ராத்தா. கூலியும் வேணா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரஹ்மத்தும்மா ராத்தாவிடம் திரும்பி, "தேத்தண்ணி ஆறுது புள்ள, ஊத்துங்க" என்றார். வீடு விற்றது அந்தச் சொல்லோடுதான். ரஹ்மத்தும்மா ராத்தாவின் மகளுக்குக் காவின் குறித்த நாளிலேயே எழுதப்பட்டது.

காக்கா என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கலியாணத்தின் வலீமா விருந்திலும் வேறு சஹனில் போய் உட்கார்ந்தார். வேலைக்கும் கூப்பிடவில்லை. அந்த மாதங்களில் நான் கேற்றுகளுக்குப் பெயின்ட் அடித்தேன். உங்கள் உம்மா ஒரு நாளும் "ஏன் இப்பிடிச் செஞ்சிங்க" என்று கேட்கவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

மாரி மழை முடிந்தது. சொன்ன சொல்லுக்காகத் தும்புத் தூரிகையும் பழைய பத்திரிகையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். சம்மாந்துறை ராத்தாவின் மகள், புதுப் பெண் ஹஸீனா கதவைத் திறந்து, "உங்களுக்கு முந்தி ஒராள் வந்து இரிக்கார்" என்றாள்.

குசினியின் நடுவில், கவிழ்த்த வாளியில், ஆதம்பாவா காக்கா. கையில் குடிக்காத ஒரு கிளாஸ் தண்ணீர். கிழக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் உப்புப் பூத்திருந்தது, மெல்லியதாக. பூச்சு ஒரு இடத்திலும் எழும்பவில்லை. நான் ஸலாம் சொல்லிவிட்டு நின்றேன்.

"என்ன மணக்குது?" என்று கேட்டார்.

"சுண்ணாம்பு காக்கா."

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல."

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அவர் குடித்ததை அன்றுதான் கண்டேன். எழுந்து, சாரனைத் தட்டி, "பைக்ல சஹன் இரிக்கி. அவிழ்த்து எடுத்துக்க. இனி நீதான் நடந்து பாக்கோணும், எனக்குக் கை நடுங்குது" என்றார். கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன்.

நம் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிற அந்தப் பழைய சஹன் எப்படி வந்தது என்று கேட்பீர்களே, அப்படித்தான் வந்தது. காக்கா மௌத்தாகும் வரைக்கும் அவரோடுதான் வேலை செய்தேன். அவர் போன பிறகு தனியாகச் செய்தேன். முழங்கால் மடங்காமல் போனதும் விட்டுவிட்டேன்.

அந்தச் சுவரை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் போவேன். முதல் வருடம் தாள் நிறைய உப்பு. மூன்றாம் வருடம் அரைத் தாள். கோடு முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கிற்று. பிறகு நான்கு விரல், இரண்டு விரல். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் திரும்பப் பூசுவேன். ஹஸீனா பிளேன்டீ தருவாள். அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். எல்லாவற்றையும் அந்தச் சுவரடியில் குந்தியிருந்தே கண்டேன்.

இந்த வருடம் போனபோது வீட்டில் ஆட்கள். ஹஸீனாவின் மகளுக்குக் கலியாணம் பேசி, அந்த வீட்டைத்தான் அவளுக்கு எழுதப்போகிறார்கள். மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து தாளை விரித்து, சுவரைத் துடைத்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் துடைத்தேன். மாப்பிள்ளையின் தாய் பின் வாசலால் உள்ளே வந்து, கூரையைப் பார்த்தார், கண்ணாடி ஓட்டைப் பார்த்தார். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. ஹஸீனா வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். அவள் திறந்தாள்.

"ராத்தா, ஒண்டு சொல்லோணும். இந்தச் செவருல கடல்தண்ணி நிண்ட. நாங்க வாங்கக்குள்ள உப்பு இரிந்த. எங்களுக்குச் சொல்லித்தான் வித்தாங்க."

அந்தப் பெண் என்னைக் கேட்டார்: "இப்பயும் இரிக்கா காக்கா?"

நான் விரித்திருந்த தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி ஓட்டின் வெயில் அதில் விழுந்தது. தாளில் உப்பு இல்லை, சுண்ணாம்புத் தூள்கூட இல்லை. அச்செழுத்து மட்டும்தான் இருந்தது.

"இல்ல ராத்தா" என்றேன்.

இம்தியாஸ், நீ இரண்டு தட்டில் வெள்ளையாக்கினாய். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குப் பத்தொன்பது மாரி எடுத்தது.